கறுப்புத் திரை போட்ட பிறகும் வேலை செஞ்ச பெட்டி

இரும்பு எவ்வளவு போடணும், உலையை எத்தனை டிகிரியில வைக்கணும், பொடியைக் கண்ணாடியில எப்படிப் பூசணும்னு என்கிட்ட கேக்காதீங்க. அதெல்லாம் நோட்டுல இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல என் நோட்டைவிட நல்லாவே இருக்கு. துறையில புதுசாச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்னு நீங்க கேட்டதும், எதை எழுதன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஜெயிச்ச கதையை எழுதலாம்னு பார்த்தா அது ஒரு பக்கம்கூட வரல. அசிங்கப்பட்ட கதைன்னா எனக்குச் சரளமா வருது. அதனால அதையே சொல்லுதேன்.

கோவில்பட்டியில ஒரு காலேஜ்ல வேதியியல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவ நான். தொண்ணூறுகளோட கடைசியில, நாப்பத்திரெண்டு வயசுல, பி.எச்டி பண்ணப் போறேன்னு கிளம்பினேன். "மக பிளஸ் டூ படிக்கா, அம்மாவும் கூடச் சேர்ந்து படிக்கப் போறாளாம்"னு சொந்தக்காரங்க சிரிச்சாங்க. எனக்கு வாச்ச கைடுக்கு என்னைவிட எட்டு வயசு கம்மி. திருநெல்வேலியில வேலை. நான் அவியள மேடம்னு கூப்பிடுவேன், அவிய என்னை மேடம்னு கூப்பிடுவாவ. பக்கத்துல நிக்கிறவங்களுக்கு யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கான்னே விளங்காது. அவியளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம ஒரு மணி நேரம் பேசினாலும் குறுக்க பேசாம கேட்டுட்டு, கடைசியில ஒரே ஒரு கேள்வி கேப்பாவ. அதுக்குப் பதில் தேட நமக்கு ஒரு மாசம் ஆகும்.

ஆராய்ச்சிக்குத் தலைப்பு எனக்குப் புத்தகத்துல கெடைக்கல, பஸ்ஸுல கெடைச்சுது. அப்ப எங்க வீடு கடம்பூர்ல. தினம் நான் ஏறுற பஸ்ஸுலதான் தங்கபுஷ்பக்காவும் வருவா. கோவில்பட்டியில தீப்பெட்டி லேபிள் அடிக்கிற ஒரு பிரஸ்ல, லேபிளைப் பிரிச்சு அடுக்குற வேலை. சாயங்காலம் அக்கா பக்கத்துல உக்காந்தா சேலையெல்லாம் தின்னர் வாசம் அடிக்கும். லேபிளுக்கு மேல பளபளன்னு வார்னிஷ் பூசுதாங்கல்லா, அதுல கலக்கிற தின்னர். "காலையில ஒண்ணும் தெரியாது டீச்சர். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தா சோறும் அதே வாசம் அடிக்கும். தலை கிண்ணுனு ஆயிரும். பாதிச் சோத்தை அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டு போறேன்"னு ஒரு நாள் சொன்னா. லேபிள் காயுற அந்தச் சின்ன ரூம்ல அக்காவோட சேத்து ஆறு பொம்பளைங்க.

வெள்ளை பெயிண்டுல போடுற டைட்டானியம் டை ஆக்சைடு பொடி உங்களுக்குத் தெரியும். வெயில் பட்டா அது சும்மா இருக்காது. தன் மேல வந்து ஒட்டுற தின்னர் மாதிரி சாமான்களை உடைச்சு, கரியமில வாயுவும் தண்ணியுமா ஆக்கிப் போடும். ஒளிவினையூக்கின்னு புத்தகத்துல எழுதியிருக்கிறது இதைத்தான். ஆனா அந்த வெள்ளைப் பொடிக்கு வெயில்ல இருக்கிற புற ஊதா மட்டும்தான் ஆகும், மிச்ச வெயிலைத் திருப்பி அனுப்பிரும். அதுல இரும்பு மாதிரி ஒரு உலோகத்தைச் சிட்டிகை சேத்து உலையில வச்சு எடுத்தா பொடிக்கு நிறம் ஏறும், கூடக் கொஞ்சம் வெயிலை வாங்கும். எங்க ஊர்ல தண்ணிக்குத்தான் பஞ்சம், வெயில் கொட்டிக் கெடக்கு. இந்தப் பொடியை வச்சு அந்த ரூம் காத்தைச் சுத்தம் பண்ணிருவோம்னு தலைப்பை எழுதிக் குடுத்துட்டேன்.

பிரஸ் முதலாளி அண்ணாச்சி நல்ல மனுஷன். "மாட்டிக்கிடுங்க டீச்சரம்மா, சுவரு சும்மாத்தானே இருக்கு"ன்னு சொல்லிட்டாரு. அவருக்கும் ஒரு நினைப்பு இருந்துச்சு. அந்த ரூமுக்கு மேற்க பாத்து ரெண்டு ஜன்னல். அதைத் திறந்து வச்சாத்தான் வாசம் வெளிய போகும். ஆனா ஆடிக் காத்து அடிச்சா கரிசக்காட்டுப் புழுதி பூராவும் அதே ஜன்னல் வழியா உள்ள வந்து ஈர வார்னிஷ்ல ஒட்டிக்கிடும். தடவிப் பார்த்தா லேபிள் உப்புத்தாள் மாதிரி இருக்கும். தீப்பெட்டிக் கம்பெனிக்காரங்க கட்டுக் கட்டாத் திருப்பி அனுப்புவாங்க. "உங்க பெட்டி மட்டும் வாசத்தைத் தின்னுட்டா, நான் ரெண்டு ஜன்னலையும் செங்கல் வச்சு அடைச்சிருவேன்"னாரு. நான் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டு எதுக்குன்னு அப்ப எனக்கு உறைக்கல.

பெட்டின்னா பெரிய விசேஷம் ஒண்ணும் இல்ல. ஆசாரி செஞ்ச நீளமான மரப்பெட்டி. கூரையில பதிச்சிருந்த கண்ணாடிக்கு நேர் கீழ சுவத்துல மாட்டியிருந்தோம், பெட்டியோட மூடியும் கண்ணாடி. உள்ள பொடி பூசின தகடுக வரிசையா சாஞ்சு நிக்கும். ஒரு முனையில சின்ன ஃபேன் ரூம் காத்தை உள்ள இழுக்கும், மறுமுனை வழியா அந்தப் பொம்பளைங்க உக்காந்திருக்கிற பக்கம் காத்து வெளிய வரும். தின்னர் எவ்வளவு இருக்குன்னு பாக்க கைடு சின்னக் கண்ணாடிக் குழல் கொஞ்சம் குடுத்திருந்தாவ. காத்தை இழுத்தா உள்ள இருக்கிற தூள் நிறம் மாறும். எவ்வளவு நீளத்துக்கு மாறுதோ அவ்வளவு தின்னர்.

மொத மாசம் ஒண்ணுமே நடக்கல. உள்ள போற காத்துல எவ்வளவோ, வெளிய வர்ற காத்துலயும் அவ்வளவு. நான் இரும்பைக் கூட்டினேன். பொடி சுக்குக்காப்பி நிறத்துக்கு வந்துச்சு, பாக்க நல்ல எடுப்பா இருந்துச்சு. "இப்பத்தான் கலர் கெட்டியா இருக்கு டீச்சரம்மா"ன்னு அண்ணாச்சி வேற சொன்னாரு. இன்னும் கூட்டினேன். இந்த வேலையில உலோகம்ங்கிறது ரசத்துல போடுற பெருங்காயம் மாதிரி, கூடிப் போனா மொத்தமும் கெட்டுரும். அதுவும் நோட்டுல இருந்துச்சு, நான்தான் நம்பல. ஒரு மத்தியானம் எல்லாரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போன நேரம், குழல் திரும்பவும் பழைய அளவையே காட்டினதும், பெட்டிக்குக் கீழ உக்காந்து அழுதுட்டேன். யாரும் பாக்கலன்னு நினைச்சு மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சுப் போனேன்.

அடுத்த வாரம் பெட்டி வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு.

வெளிய வர்ற பக்கம் குழல் நிறமே மாறல. குழல் கெட்டுப் போச்சோன்னு உள்ள போற பக்கம் இன்னொண்ணை வச்சுப் பாத்தேன், அங்கன சரியாக் காட்டுது. "வாசமே இல்ல டீச்சர்"னு தங்கபுஷ்பக்கா சொன்னா. மத்த அஞ்சு பேரும் தலையாட்டினாங்க. தூக்குவாளியை வழிச்சுச் சாப்பிட்டதா வேற சொன்னாங்க. எனக்குக் கால் தரையில பாவல. ஏன் திடீர்னு வேலை செய்யுதுன்னு கேட்டேனா? கேக்கல. பொடி பழகிருச்சுன்னு நோட்டுல எழுதி வச்சேன். பழகிருச்சாம், கன்னுக்குட்டி மாதிரி.

இந்த ஒண்ணை நல்லாக் கேட்டுக்கிடுங்க. தோத்துக்கிட்டு இருந்த ஒரு மாசமும் தகட்டைக் கழட்டி, ஃபேனைக் கழட்டி, தினம் பெட்டியைப் பிரிச்சு மேஞ்சவ நான். ஜெயிச்ச அன்னையில இருந்து அதைத் தொடவே இல்ல. நல்லா ஓடுறதை எதுக்குத் தொடணும்னு இருந்துட்டேன். ஓடாத பெட்டியை எவனும் திறந்து பாப்பான். ஓடுற பெட்டியையும் திறந்து பாக்கணும், அதுக்குத்தான் நமக்குச் சம்பளம் குடுக்காங்க.

மூணு வாரம் இப்படியே ஓடுச்சு. ஒவ்வொரு குழலும் அதே மாதிரி வந்துச்சு. அண்ணாச்சி கடம்பூர் போளி வாங்கி பிரஸ் பூராவும் குடுத்தாரு. அதோட நின்னிருந்தா பரவாயில்ல. ஊர்ல இருக்கிற மத்த பிரஸ்காரங்க நாலு பேரையும் கூப்பிட்டு, ஆடி பிறக்கிறதுக்குள்ள ஜன்னலை அடைக்கப் போறேன், வந்து பாருங்கன்னு சொல்லிட்டாரு. அவங்களுக்கும் அதே புழுதி, அதே ஜன்னல், அதே வார்னிஷ். அதே நாள் கைடும் வாறதாச் சொன்னாவ. நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பா வருது.

போய்ப் பாத்தா வாசல்ல கொத்தனார் கலவை போட்டுக்கிட்டு இருக்காரு. செங்கல் அடுக்கியாச்சு. உள்ள நாலு முதலாளிமாரும் பெட்டிக்குக் கீழ நின்னு மூக்கை உறிஞ்சு உறிஞ்சுப் பாக்காங்க. ஆறு பொம்பளைங்களும் மூலையில ஒதுங்கி நிக்காங்க. நான் ஒரு அரை மணி நேரம் விளக்கம் குடுத்தேன். வெயிலு, இரும்பு, எலெக்ட்ரான்னு என்னென்னவோ சொன்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. கைடு வழக்கம் போலக் கேட்டுக்கிட்டே இருந்தாவ. முடிச்சதும் அவிய கேள்வி வந்துச்சு.

"வெயில் படலன்னா இந்தப் பெட்டி என்ன செய்யும் மேடம்?"

"ஒண்ணும் செய்யாது மேடம்."

"பாத்தீங்களா?"

நான் பாக்கல. அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்திருச்சு. பிரஸ்ல அச்சுக்குப் பிளேட் எடுக்க ஒரு இருட்டறை உண்டு, அதுல கனமான கறுப்புத் திரை ஒண்ணு தொங்கும். அதைக் கழட்டி, மாடிக்கு ஆள ஏத்தி, கூரைக் கண்ணாடி மேல விரிச்சு நாலு மூலைக்கும் செங்கல் வைக்கச் சொன்னாரு. ரூமு இருட்டிருச்சு, டியூப்லைட்டைப் போட்டாங்க. பெட்டி ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அரை மணி நேரம் காப்பி குடிச்சோம். அப்புறம் கைடு கைப்பையில இருந்து ஒரு புதுக் குழலை எடுத்து, பெட்டி வாயில வச்சு காத்தை இழுத்தாவ.

நிறம் மாறல. வெயில் இல்ல, ஆனா தின்னரும் இல்ல.

அண்ணாச்சி கையைத் தட்டினாரு. "வெயிலே வேண்டாம் போலிருக்கே! மழைக்காலத்துக்கும் ஆச்சு."

பக்கத்துல இருந்த ஒரு முதலாளி, "எனக்கு ரெண்டு பெட்டி சொல்லிருங்க டீச்சரம்மா"ன்னாரு.

உங்ககிட்ட மறைக்காமச் சொல்லுதேன். அந்த நேரம் என் மனசு போன போக்கு இருக்கே. இருட்டுலயும் வேலை செய்யிற இரும்பு கலந்த டைட்டானியம், உலகத்துலயே மொத தடவைன்னு கட்டுரைத் தலைப்பு வரைக்கும் போயிட்டேன். பகல்ல வாங்கின வெயிலைப் பொடி சேத்து வச்சிருக்கும்னு ஒரு சாக்கும் தயாரா வந்து நின்னுச்சு. நல்ல சாக்குதான். அதைச் சொல்லியிருந்தா அங்கன இருந்த ஒருத்தரும் மறுத்திருக்க மாட்டாங்க, கைடைத் தவிர. கைடு என் முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்காவ. வாசல்ல கொத்தனார் கரண்டியால சட்டியைச் சுரண்டுற சத்தம் கேக்குது. மூலையைப் பாத்தா அஞ்சு பேரு சிரிச்ச முகமா நிக்காங்க. தங்கபுஷ்பக்கா மட்டும் சேலை முந்தியைத் திருகிக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்கா.

அது வேலை செய்யிறது என் பொடியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஜன்னலை அடைச்ச பிறகு ஒரு நாள் அது நின்னு போச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னும் எனக்குத் தெரியாது. இந்த ஆறு பேரும் மூடின ரூம்ல உக்காந்திருப்பாங்க. இவங்களோட போகாது, இதைப் பாத்து மத்த நாலு பிரஸ்லயும் ஜன்னலை அடைச்சிருவாங்க.

"அண்ணாச்சி, கொத்தனாரை நிறுத்தச் சொல்லுங்க"ன்னேன்.

"ஏன் டீச்சரம்மா? நல்லாத்தானே ஓடுது?"

"ஓடக் கூடாது அண்ணாச்சி. இப்ப இது ஓடவே கூடாது."

அவருக்கு விளங்கல. "கரண்டு போன பிறகும் வீட்டுல மிக்ஸி ஓடுச்சுன்னா சந்தோஷப்படுவீங்களா, பயப்படுவீங்களா?"ன்னு கேட்டேன். ரெண்டு பெட்டி கேட்டவரு, "கரண்டு பில் மிச்சம்லா"ன்னாரு. ஒருத்தரும் சிரிக்கல. அண்ணாச்சி முகம் கறுத்துருச்சு. நாலு பேரைக் கூட்டி வச்சு, போளி குடுத்து, கொத்தனாரை வரவழைச்ச மனுஷன். "மூணு வாரமா வேலை செய்யுதுன்னீங்க. இப்பவும் வேலை செய்யுது, அதனாலதான் வேலை செய்யலங்கீங்க. நாங்க என்ன டீச்சரம்மா கோட்டிக்காரங்களா?"ன்னு கேட்டாரு. அவரு கேட்டதுல ஒரு தப்பும் இல்ல.

ஸ்டூலைப் போட்டு, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறினேன். ஃபேன் பக்கத்து மூடிக்கு ஒரு கொக்கிதான். திறந்தேன். ஃபேனுக்கும் மொத தகட்டுக்கும் நடுவுல ஒரு துணிப்பை திணிச்சு இருந்துச்சு. பழைய ஜாக்கெட் துணியில தச்சது. பூப்போட்ட மஞ்சள் துணி, ஆனா கறுத்துப் போயிருந்துச்சு. அவுத்துப் பாத்தா உள்ள பூராவும் கரி. நம்ம காட்டு வேலிக்கருவையைச் சுட்ட கரி, சுண்டைக்காய் அளவுக்கு உடைச்சுப் போட்டிருந்துச்சு.

"நான்தான் வச்சேன் டீச்சர்"னு கீழ இருந்து தங்கபுஷ்பக்கா சத்தம் வந்துச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அத்தனை பேருக்கு முன்னால, "உங்கள யாருக்கா கை வைக்கச் சொன்னா?"ன்னு கத்திட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சத்தத்துக்காக வெக்கப்படுதேன். அக்கா அழல. நேரா நின்னுக்கிட்டுச் சொன்னா.

"நீங்க அன்னைக்கு மத்தியானம் அழுததை நான் பாத்தேன் டீச்சர். செம்பு எடுக்க வந்தேன். எங்களுக்காகத்தானே இந்தப் பாடு படுதீங்கன்னு மனசு கேக்கல. வீட்டுல பீரோவுல வாசம் வந்தா கரியைத் துணியில கட்டிப் போடுவோம்லா. என் தம்பி கரிமூட்டம் போடுதான், கரிக்கு என்ன பஞ்சம். பெட்டி பாதி செய்யும், கரி பாதி செய்யும்னு நினைச்சு வச்சேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாத்திருவேன். ஜன்னலை அடைக்கப் போறாங்கன்னு எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அண்ணாச்சிக்கு மானம் போயிருச்சு. "ஏட்டி தங்கபுஷ்பம், நாளையில இருந்து நீ வேலைக்கு வராத"ன்னுட்டாரு.

அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. ஸ்டூல் மேல நின்னுக்கிட்டேதான் பேசினேன். "அண்ணாச்சி, அக்கா ஒரு கொக்கியைத் திறந்து வச்சா. நான் அந்தக் கொக்கியை மூணு வாரமாத் திறக்கல. படிச்சது நானு. அக்காவை நிறுத்தினீங்கன்னா பெட்டியை இப்பவே கழட்டிருதேன், இனிமே இந்தப் பக்கம் வரவும் மாட்டேன்." பெட்டி போனா ஆராய்ச்சியும் போச்சு. இன்னொரு பிரஸ்ல என்னை யாரு உள்ள விடுவா?

யாவாரிக்குக் கோவம் வந்தாலும் யோசனை நிக்காது. அண்ணாச்சி துணிப்பையைக் கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு, "அப்ப கரியே போதுமே. உங்க பொடி எதுக்கு?"ன்னு கேட்டாரு. பிள்ளைகளா, என் வைவாவுல மூணு புரபசர் உக்காந்து கேட்டதைவிட அது கஷ்டமான கேள்வி.

நான் முழிக்கிறதைப் பாத்து தங்கபுஷ்பக்காதான் வாயைத் திறந்தா. "அது ஒரு வாரத்துக்கு மேல தாங்காது அண்ணாச்சி. சனிக்கிழமை ஆனா திரும்ப வாசம் வந்திரும். பழைய கரியை நான் வீட்டுக்குக் கொண்டு போயி அடுப்புல போடுதேன். இப்பல்லாம் எங்க அடுப்பு ஒத்தத் தீக்குச்சியில குப்புனு பத்திக்கிடுது."

கைடுதான் மொதல்ல சிரிச்சாவ. அப்புறம் அண்ணாச்சி, அப்புறம் ரூம்ல இருந்த அத்தனை பேரும். வாரம் பூராவும் இந்த ரூம்ல சேந்த தின்னர்லா அக்கா வீட்டு அடுப்புல எரிஞ்சிருக்கு! நான் தலையில கையை வச்சுக்கிட்டு, "இனிமே அதை அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்கக்கா, முகத்துல அடிச்சிரும்"னேன். கைடு அண்ணாச்சிகிட்ட, "கரி தின்னரை வாங்கி வயித்துல வச்சுக்கிடும், செரிக்காது. வயிறு நிறைஞ்சா அவ்வளவுதான். இவிய பொடி சரியா வந்தா அதைச் செரிச்சிரும். சரியா இன்னும் வரல, அதுதான் விஷயம்"னு விளக்கம் சொன்னாவ. கொத்தனாரை அனுப்பியாச்சு. போட்ட கலவையை வீணாக்க மனசில்லாம அண்ணாச்சி வாசப்படியைப் பூசிக்கிட்டாரு. அக்காவை மறுநாள் வராதன்னு சொன்னதைப் பத்தி அதுக்குப் பிறகு யாரும் பேசல, அக்கா மறுநாள் வந்துட்டா.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது கைடு கேட்டாவ. "இருட்டுல வச்சுப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா மேடம்?"

"மொத நாளே தோணிச்சு மேடம். பயந்துட்டேன்."

"அது போதும்"னாவ. என்ன போதும்னு நான் கேக்கல. பஸ்ஸுல ஏறும்போது, நல்ல கறுப்புத் துணியா நாலு மீட்டர் வாங்கிருங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாவ.

அந்த ஆடிக்கு அண்ணாச்சி ஜன்னலுக்கு ரெட்டை வலை அடிச்சு, ஈரச் சாக்கு தொங்கவிட்டாரு. எதிர்ச் சுவத்துல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு வச்சாரு. அந்த ஆறு பேருக்கும் தலைவலி கொறைஞ்சது அந்த ஃபேனாலதான், என் பொடியால இல்ல. என் ஆய்வேட்டுலயும் அப்படியே எழுதியிருக்கேன். நம்ம ஆராய்ச்சி இல்லாமலே ஒரு வேலை நடக்கும்னா நடக்கட்டுமே, அதுக்கா நாம வருத்தப்படணும்?

நான் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இரும்பைக் கொறைச்சேன், இன்னும் கொறைச்சேன். பொடி சுக்குக்காப்பியில இருந்து சந்தன நிறத்துக்கு வந்து, கடைசியில பழைய வேட்டி மாதிரி ஒரு அழுக்கு வெள்ளையில நின்னுச்சு. பாக்க ஒரு லட்சணமும் இல்ல. அண்ணாச்சி பாத்துட்டு, "கலர் போச்சே"ன்னு உச்சுக் கொட்டினாரு. ஆனா குழல்ல வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சது. கொஞ்சம்தான். மூணு வாரம் கண்ட அந்த அதிசயம் எல்லாம் இல்ல.

குழல் தீர்ந்துக்கிட்டே வந்துச்சு, அதனால மூக்கையும் சேத்துக்கிட்டேன். இங்கன ஒரு சிக்கல். தங்கபுஷ்பக்கா மூக்கு மாதிரி அந்தப் பிரஸ்ல ஒரு மூக்கு கிடையாது. ஆனா என்னைப் பாத்து ஒரு குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. "எப்படி இருக்குக்கா?"ன்னா, "நல்லா இருக்கு டீச்சர்." பெட்டி ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டாலும், "நல்லா இருக்கு டீச்சர்." நான் கத்தின கத்து வேற அவ மனசுல கிடந்துச்சு. உங்களுக்கும் இப்படி ஆள் வாய்ப்பாங்க. பிரியத்துல பொய் சொல்லுவாங்க. உங்க அட்டெண்டர் சொல்லுவாரு, உங்க மாணவன் சொல்லுவான், சில சமயம் உங்க குழலே சொல்லும். அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, நாம என்ன பதில் எதிர்பாக்கோம்னு அவங்களுக்குத் தெரியாத மாதிரி கேள்வியை வைக்கணும்.

பங்குனி மாசம், நல்ல உச்சி வெயில். சாப்பாட்டு நேரம், மத்த அஞ்சு பேரும் மரத்தடியில. ஜன்னலை மூடி, பெரிய ஃபேனையும் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தி வச்சோம். அக்கா ரூம்ல பெட்டி வாய்க்குப் பக்கத்துல. நான் மொட்டை மாடியில, கையில நாலு மீட்டர் கறுப்புத் துணி. உள்ள இருந்து கூரை தெரியாம, வெளிச்சம் பெட்டிக்குள்ள மட்டும் விழுற மாதிரி கண்ணாடியைச் சுத்திப் பழைய போஸ்டர் அட்டையை மறைச்சுக் கட்டி, ரூம்ல டியூப்லைட்டைப் போட்டிருந்தேன். மேல நான் துணி போடுதேனா எடுக்கேனான்னு அக்காவுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். நடுவுல அக்கா வெளிய போயி, மூக்கை ஆத்திட்டு வருவா. திரும்பி வந்து என்ன தோணுதோ அதைச் சொல்லணும். அவ்வளவுதான் ஏற்பாடு.

துணி போட்டா பெட்டி செத்துப் போகணும், வாசம் திரும்பி வரணும். அது வந்தாத்தான் வெயில்ல வேலை செஞ்சது என் பொடின்னு அர்த்தம். துணி போட்ட பிறகும் அக்கா நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, ரெண்டு வருஷ உழைப்பையும் அப்படியே மூட்டை கட்டணும். கைடுகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருந்தேன்.

மொத தடவை துணி இல்லாம. "கொறைவாத்தான் இருக்கு டீச்சர்"னு கீழ இருந்து சத்தம் வந்துச்சு. நம்புறதா வேண்டாமா? அது அவ எப்பவும் சொல்லுறதுதானே. ரெண்டாவது தடவை துணியை விரிச்சேன். மாடித் தரை செருப்பையும் மீறிச் சுடுது. தண்ணித் தொட்டி நிழல்ல ஒதுங்கி நின்னு மணியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அக்கா வெளிய போனா. உள்ள வந்தா. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கேன், ஒரு சத்தமும் இல்ல.

"என்னக்கா, சொல்லுங்க"ன்னேன்.

கைப்பிடிச் சுவத்துல குனிஞ்சு திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா?"

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க."

"இல்ல, சொல்லுங்க."

"இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

"அக்கா, இங்க வெயில்ல வேகுதேன். சொல்லுங்க."

"நாறுது டீச்சர். நல்லா நாறுது."

நான் அந்தச் சுடுதரையிலயே உக்காந்துட்டேன். ரெண்டு வருஷத்துல எனக்குக் கெடைச்ச மொத நல்ல செய்தி. கீழ அக்கா இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கா.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா"ன்னு கேட்டேன்.